பட்டமும் பறத்தலும்

தமிழில் ‘பட்டம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல உண்டு. சர்வகலாசாலை வழங்கும் பட்டம் ஒன்று; சிறுவர் நூலிற் கட்டி வானத்திலே விடும் பட்டம் மற்றொன்று. இவ்விரண்டினுள் பறப்பது பின்னதேயாகும். முன்னது கண்ணாடிச் சட்டத்துள் அடங்கி, முன்கூடத்துச் சுவரில் ஆணியின்மேல் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகாய விமானம் ஓட்ட விரும்பும் ஒரு வாலிபனுக்கோ யுவதிக்கோ இந்தச் சுவர்ப் பட்டம் இன்றியமையாததுதானா என்னும் கேள்வி, முன்னாளில் நம்மவரிடையே எழவும் இடமில்லாதிருந்தது. இன்று தோட்டத்திலும் பட்டணத்திலும் பல இல்லங்களில் எழுகின்றது. எங்கள் இல்லத்திலும் எழுந்தது. ஆதலின் இதனைப் பற்றிச் சில மாதங்களாக நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும், அவற்றின்மேல் எனக்குத் தோன்றிய அபிப்பிராயத்தையும் நேயர்கள்முன் வைக்கத் துணிகிறேன்.

நம் மக்கள் பட்டத்தின்மேல் வைத்திருக்கும் பற்றைப் பரிகசிப்பது எளிது. ஆனால் அந்தப் பற்று காரணமின்றி வந்ததன்று. 1923-ம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் ஒன்று இருக்க வேண்டுமென்று விதித்தது. பள்ளி என்ற பெயர் வந்தது. ஆனால் பல இடங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் வந்து நான்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே கல்வியாக இருந்தது. அந்தப் படிப்பு பிள்ளையைப் பால் மரத்தடியிலிருந்து அப்பால் கொண்டுபோகவில்லை. லயத்து வீடு துரையுடையது. வேலை போனால் வீடும் போகும். மாடும் கோழியுங்கூடத் தோட்டத்தின் தயவில் வாழ்ந்தவையே. இந்நிலையில், எவராலும் திரும்பப் பறித்துக்கொள்ள முடியாத உடைமை ஒன்று உண்டென்றால் அது படித்து வாங்கிய பத்திரமே என்று நம் முன்னோர் கண்டுகொண்டனர். பேராக்கில் பால் வெட்டிய என் தந்தையார், நான் உபாத்தியாயர் பயிற்சி முடித்து வாங்கிவந்த பத்திரத்தைக் கிராணியாரிடம் கொண்டுபோய் மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் முறை கேட்டபின்னும், “இதற்குமேல் ஒன்று உண்டாமே, அது எப்போது?” என்றுதான் என்னிடம் வினவினார். அந்த மேல் ஒன்று பட்டம்.

என் தங்கை அந்தத் தந்தைக்குப் பிறந்தவள். அவள் மகள் எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலம், கணிதம், பௌதிகம் ஆகியவற்றில் நன்றாகவே தேறியிருக்கிறாள். மேற்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்டபோது, “விமானம் ஓட்டப் போகிறேன், மாமா” என்றாள். சிறு பிள்ளைகள் எல்லாரும் சொல்லும் சொல்தான் என்று நான் எண்ணுமுன், எந்தெந்தப் பயிற்சிப் பள்ளி எங்கெங்கே இருக்கிறது, என்ன கட்டணம் கேட்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினாள். தங்கை குறுக்கிட்டு, “முதலில் ஒரு பட்டத்தை வாங்கட்டும், அண்ணே. அப்புறம் பறக்கட்டும், நீந்தட்டும், என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்” என்றாள். அவள் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டுபவர்; மிகுதியாகப் பேசாதவர். அவர் சொன்னது ஒன்றே: “எனக்கு லாரியைக் கொடுத்தவர்கள் லைசென்ஸைத்தான் கேட்டார்கள்.”

அந்தச் சொல்லை வேடிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறதென்று தேடினேன். அவர் சொன்னதையே சட்டமும் சொல்கிறது.

சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்திருக்கும் விதிகளின்படி, சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் பெறப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். பெரிய பிரயாணி விமானத்தின் தலைமை விமானியாவதற்குரிய லைசென்ஸுக்கு இருபத்தொரு வயதும், 1,500 மணி நேரம் பறந்த அநுபவமும் வேண்டும். முதல் வகுப்பு உடற்பரிசோதனையில் தேற வேண்டும். ஆகாயச் சட்டம், வானிலை, திசையறிதல், யந்திரம், பறத்தலின் இயல்பு, மனித உடலின் எல்லைகள் முதலிய பாடங்களில் பரீட்சை எழுத வேண்டும். நாடு கடந்து பறப்போர் ஆங்கிலத்தில் பேசவும் புரிந்துகொள்ளவும் வல்லவரா என்பதை ஆறு படிகளாகப் பிரித்து, நான்காம் படியிலாவது இருக்க வேண்டுமென்ற விதி 2008-ம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. இவற்றுள் எங்கும் சர்வகலாசாலைப் பட்டம் என்ற சொல் இல்லை. நம் மலேசியாவில் பயிற்சிப் பள்ளிகள் பொதுவாகக் கேட்பது, எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் அடங்கிய சில பாடங்களில் நல்ல தேர்ச்சியேயாகும்.

அப்படியானால் இந்தப் பட்டப் பேச்சு எங்கிருந்து வந்தது? கம்பெனிகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் பெருங் கம்பெனிகளுள் ஒன்றாகிய டெல்டா, விமானிகளுக்கு நான்காண்டுப் பட்டம் வேண்டுமென்று நெடுங்காலம் கேட்டு வந்தது. 2022-ம் ஆண்டு ஜனவரியில் அந்த நிபந்தனையைக் கைவிட்டு, இருந்தால் நலம் என்று மாற்றிக்கொண்டது. விமானத்தின் இயல்பு அந்த ஜனவரியில் மாறிவிட்டதா? இல்லை. தொற்றுநோய்க்குப் பின் விமானிகள் கிடைப்பது அரிதாயிற்று, அவ்வளவே. பத்து இடத்துக்கு நூறு பேர் வந்து நிற்கும்போது சல்லடை ஒன்று வேண்டியிருக்கிறது. பட்டம் கைக்கெட்டிய சல்லடை. பத்து இடத்துக்கு எட்டுப் பேரே வரும்போது சல்லடை பரணுக்குப் போய்விடுகிறது. ரப்பர் விலை ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்காத வியாபாரமன்று.

அதே அமெரிக்காவில் பட்டத்துக்கு வேறொரு விலையும் உண்டு; அதை மணிக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். 2009-ம் ஆண்டு பிப்ரவரியில் பபலோ நகரின் அருகே ஒரு சிறு விமானம் வீழ்ந்து ஐம்பது பேர் மாண்டனர். அதன்பின் 2010-ம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் கட்டாயமாயிற்று. ஆனால் விமானத் துறையில் நான்காண்டுப் பட்டம் பெற்றவர் 1,000 மணியோடு துணை விமானியாகச் சேரலாம். இரண்டாண்டுப் படிப்பு முடித்தவருக்கு 1,250. ஆகவே, ஒரு பட்டம் ஐந்நூறு மணி நேரத்துக்குச் சமம் என்று அந்த நாட்டார் மதிப்பிட்டிருக்கிறார்கள். இதில் ஒரு விந்தை: வீழ்ந்த அந்த விமானத்தின் விமானிகள் இருவருமே 1,500 மணிக்கு மேல் பறந்தவர்கள்! மணியை எண்ணுவது எளிது. மதியை எண்ணுவது கடினம். எளிதானதைச் சட்டமாக்குவது எல்லா நாட்டுக்கும் இயல்பு போலும்.

விமானத்தைக் கண்டவர்களே பட்டம் பெறாதவர்கள் என்பது பலரும் அறிந்தது. ரைட் சகோதரர் இருவரும் கலாசாலை வாசலை மிதித்தவர்களல்லர். இளையவர் ஆர்வில் உயர்தரப் பள்ளியையும் முடிக்காமல் அச்சுத் தொழிலில் இறங்கினார். பின்னர் இருவரும் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்தனர். ஆனால் இவ்வளவோடு கதையை நிறுத்திவிட்டு, “பார்த்தீர்களா, படிப்பே வேண்டாம்!” என்று மேடையில் முழங்குவோரிடம் எனக்கு உடன்பாடில்லை. 1901-ம் ஆண்டில் அவர்கள் கடையின் மாடியில் காற்றுப் பெட்டி ஒன்றைச் செய்து, ஏறத்தாழ இருநூறு வகைச் சிறகுகளை அதிலே வைத்து அளந்து கணக்கெழுதினர். முன்னோர் வகுத்த அட்டவணை பிழையென்று ஐயுற்று, தாமே புதிய அட்டவணை கண்டனர். 1903-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி கிட்டி ஹாக் மணல்வெளியில் விமானம் முதன்முதல் எழும்பிப் பறந்தது பன்னிரண்டு விநாடி, 120 அடி. அந்தப் பன்னிரண்டு விநாடிக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான படிப்பு இருந்தது. பட்டம் மட்டும் இல்லை. அந்தக் குடும்பத்தில் பட்டம் பெற்றவர் தங்கை காதரைன். 1898-ல் ஓபர்லின் கலாசாலையில் தேறி, பள்ளியில் லத்தீன் கற்பித்து, அண்ணன்மார் வெளியூரில் இருந்தபோது வீட்டையும் காரியங்களையும் கவனித்தவர். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரைட் சகோதரரைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தவர் பெஸ்ஸி கோல்மன் என்னும் கறுப்பினப் பெண்மணி. 1892-ல் டெக்ஸஸ் மாநிலத்தில், குத்தகை நிலத்தில் பருத்தி விளைவித்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பல மைல் நடந்து ஓரறைப் பள்ளியிற் படித்தார். பருத்தி எடுப்புக் காலம் வந்தால் அந்தப் பள்ளியும் இல்லை. சேர்த்த பணத்தைக் கொண்டு கலாசாலையிற் சேர்ந்தார். ஒரு பருவத்திலே பணம் தீர்ந்தது, திரும்பிவிட்டார். சிக்காகோவில் நகத்துக்கு மெருகிடும் வேலை பார்த்துக்கொண்டிருக்கையில் பறக்கும் ஆசை பிறந்தது. அமெரிக்கப் பள்ளி எதுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பர், அதிலும் பெண். அவர் என்ன செய்தார்? பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டு, பிரான்ஸ் தேசத்துக்குக் கப்பலேறி, 1921-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி லைசென்ஸ் பெற்றுத் திரும்பினார். அவரைத் தடுத்தது பட்டமின்மையன்று. அவருக்குத் திறந்த கதவும் பட்டத்தால் திறந்ததன்று. இந்த வரலாற்றைச் சொன்னபோது தங்கை மகள் ஒரு கேள்வி கேட்டாள்: “பிரெஞ்சு கற்க அவருக்கு எத்தனை நாள் ஆயிற்று, மாமா?” கதையிலே அவளுக்குப் பயன்படும் இடம் எதுவென்று அவள் அறிந்திருக்கிறாள்.

இனி, விமானிக்கு உண்மையில் வேண்டிய கல்வி எத்தகையது என்று பார்ப்போம். அறையளவு பெரிய கணக்குகள் அல்ல. ஆனால் தடுமாறாமல், பேசிக்கொண்டே, கை வேறு வேலை செய்துகொண்டிருக்கையிலே மனத்தில் ஓட வேண்டிய கணக்குகள். ஒன்று சொல்கிறேன். உயரத்திலிருந்து எப்போது இறங்கத் தொடங்குவது? உயரத்தை ஆயிர அடியாக்கி மூன்றால் பெருக்கினால், நிலையத்துக்கு எத்தனை கடல் மைல் இருக்கையில் இறங்கத் தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். 35,000 அடியில் வருகிறவர் 105 கடல் மைலில் தொடங்க வேண்டும். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் அது ஏறத்தாழ சித்தியவான். அந்த வட்டாரத்து வான்வழியாய் வருகிறவர் அங்கே மூன்றாம் வாய்ப்பாட்டை மறந்தால், ஓடுபாதைக்கு வரும்போது விமானம் மிகையான உயரத்தில் நிற்கும். இன்னொன்று: அறுபது மைல் பறக்கையில் திசை ஒரு பாகை பிசகினால் ஒரு மைல் விலகிப் போவோம். சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஏறத்தாழ 1,400 கடல் மைல்; ஒரு பாகைப் பிழை திருத்தப்படாமலே போனால் முடிவில் இருபத்துமூன்று மைலுக்கு மேல் விலகியிருப்போம். இப்போது யந்திரங்களே இவற்றைக் கணக்கிட்டுத் தருகின்றன என்பது மெய். யந்திரம் பொய் சொல்லும் நாளில் அதைப் பொய்யென்று கண்டுபிடிக்க மனக்கணக்குத் தெரிந்த ஒருவர் அங்கே அமர்ந்திருக்க வேண்டும். நம் தமிழ்ப் பள்ளியில் உபாத்தியாயர் பிரம்பை வைத்துக்கொண்டு கேட்ட வாய்ப்பாடு இத்தனை உயரத்தில் பயன்படுமென்று அந்நாளில் எவர் கண்டார்!

கணக்கைவிட அரிய ஒன்றும் உண்டு. 1977-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி தெனெரீப் தீவின் விமான நிலையத்தில் பனிமூட்டம். இரண்டு பெரிய போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன. ஒன்று பான் அமெரிக்கன் கம்பெனியுடையது, மற்றது டச்சுக் கம்பெனியாகிய கே.எல்.எம்.முடையது. டச்சு விமானத்தின் தலைமை விமானி சாமானியரல்லர். தம் கம்பெனியில் அவ்வகை விமானத்துக்குப் பயிற்சி அளிப்போரின் தலைவர். புறப்பட அநுமதி வருமுன் அவர் விமானத்தை ஓட்டத் தொடங்கினார். பின்னே அமர்ந்திருந்த யந்திர அதிகாரி, மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று ஐயுற்றுக் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொன்னார். அதற்குமேல் எவரும் பேசவில்லை. சில விநாடிகளில் 583 உயிர்கள் போயின. விமான வரலாற்றில் அதனினும் கொடிய விபத்து நிகழ்ந்ததில்லை.

நேயர்களே, இந்த மௌனம் நமக்குப் புதியதா? துரை சொன்னபின் கிராணி பேசான். கிராணி சொன்னபின் கங்காணி பேசான். கங்காணி சொன்னபின் பால் வெட்டுகிறவன் பேசுவானா? தோட்டத்திலே அந்த மௌனத்தால் கூலி குறைந்தது; தெனெரீப்பில் உயிர் போயிற்று. அதன்பின் விமானிகளின் பயிற்சியில் ஒரு புதிய பாடம் புகுந்தது. கீழே இருப்பவர் அஞ்சாது சொல்லவும், மேலே இருப்பவர் சினவாது கேட்கவும் பழக்கும் பாடம். 1979-ல் அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிலையமாகிய நாசா கூட்டிய மாநாட்டிலிருந்து அது வளர்ந்து, இன்று உலகெங்கும் விமானிகளுக்குக் கட்டாயமாயிருக்கிறது. இந்தப் பாடத்தைச் சர்வகலாசாலை கற்பிக்கிறதா? நான் கண்ட சில பட்டதாரிகள் பிறர் பேச இடங்கொடுக்காமல் பேசுவதில் வல்லவர்கள். எனினும் நல்ல கலாசாலையில் பல இனத்தாரோடும் கூடி வாதித்துப் பழகிய பிள்ளை, கேள்வி கேட்க அஞ்சாத பிள்ளையாக வரக்கூடும் என்பதை மறுக்கவும் மாட்டேன்.

பட்டத்தின் பக்கத்துச் சாட்சிகளையும் மறைக்கலாகாது. 2009-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, நியூயார்க் நகரின்மேல் பறவைக் கூட்டம் மோதி யந்திரம் இரண்டும் ஓய்ந்துபோன விமானத்தை ஹட்ஸன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காத்த சல்லன்பர்கர், ஒரு பட்டமல்ல, மூன்று பட்டம் பெற்றவர். ஆனால் பறவை மோதியதிலிருந்து நீரைத் தொட்டது வரை அவருக்கிருந்த அவகாசம் மூன்றரை நிமிஷம். அந்த நிமிஷங்களில் அவருக்குக் கை கொடுத்தவை பட்டங்களா, நாற்பதாண்டுப் பறத்தலா என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது என்பது என் துணிபு.

என் தங்கையின் வாதம் இவற்றுள் எதனாலும் வீழ்வதன்று. அவள் விமானம் ஓட்டப் பட்டம் வேண்டும் என்று சொல்லவில்லை. ஓட்ட முடியாமற்போகும் நாளுக்குப் பட்டம் வேண்டும் என்கிறாள். 2020-ம் ஆண்டு அதற்குச் சான்று. தொற்றுநோயால் விமானங்கள் நிலையங்களில் வரிசையாக முடங்கின. நேற்று வரை தோளில் பொன் பட்டை அணிந்தவர்கள் மோட்டார் சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்ததைப் பத்திரிகையில் கண்டோம். உழைத்துண்பதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் லட்சக்கணக்கில் கடன் பட்டுப் படித்தவனுக்கு அந்த வருவாய் வட்டிக்கும் காணாது. நோயே வேண்டாம், ஒரு மருத்துவப் பரிசோதனையில் இதயம் சற்றுத் தாறுமாறாய்த் துடித்தால் போதும், லைசென்ஸ் நின்றுவிடும். வக்கீலுக்கோ உபாத்தியாயருக்கோ இந்த இடர் இல்லை.

ஆகவே கேள்வி பட்டமா பறத்தலா என்பதன்று. பணம் எவருடையது என்பதே. இந்தியாவில் 1929-ம் ஆண்டில் முதல் விமானி லைசென்ஸ் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா, 1932-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். அங்கிருந்து அந்தத் தபால் சென்னை வரை பறந்தது. அவருக்குப் பட்டமில்லை. ஆனால் டாட்டா என்ற பெயர் இருந்தது! பயிற்சிப் பள்ளி கேட்கும் சில லட்சம் வெள்ளியைப் பார்க்கும்போது, நம் பிள்ளைகளை மறிக்கும் மதில் சர்வகலாசாலையன்று, இந்தத் தொகைதான் என்பது விளங்கும். தங்கையும் அவள் கணவரும் இருபதாண்டு உழைத்து வாங்கிய வீட்டின் விலையும் ஏறக்குறைய அவ்வளவே. வீட்டை ஈடு வைக்கலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். லயத்து வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வர மூன்று தலைமுறை ஆயிற்று என்பதை அவர் நினைத்தாரா என்று தெரியவில்லை.

என் யோசனை வேறு. பயிற்சிப் பள்ளியில் ஒரு காசு கட்டுமுன் முதல் வகுப்பு உடற்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கண், காது, நிறம் பிரித்தறிதல், இதயம் யாவும் பார்க்கப்படும். பயிற்சிக் கட்டணத்தோடு ஒப்பிட இது அற்பச் செலவு. முதலிலேயே செய்ய வேண்டிய இதனைப் பலர் கடைசியாகச் செய்கிறார்கள். தேறினால், கம்பெனிகள் தாமே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கும் இடங்களுக்கு மனுச் செய்ய வேண்டும். ஓராண்டு வரை இடம் கிடைக்காவிட்டால், காலத்தை வீணாக்காமல் பௌதிகத்திலோ யந்திரத் துறையிலோ கற்கத் தொடங்கலாம். விமானி லைசென்ஸுக்கு வயது ஓடிப்போய்விடாது. வீட்டை ஈடு வைப்பது மட்டும் கூடாது. பட்டம் பெற்ற பின்னும் அவள் பறக்கலாம். வீடு போனபின் அவள் தாயும் தகப்பனும் எங்கே போவார்கள்?

தங்கை இதற்கு முழு மனத்தோடு இசைந்தாள் என்று சொல்லமாட்டேன். சர்வகலாசாலை மனுப் படிவங்களை அவள் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாள். மகளுக்குப் பரிசோதனை அடுத்த மாதம் பத்தாந் தேதி. கண்ணாடி அணிந்தவரையும் சேர்த்துக்கொள்வார்களா என்று தங்கை என்னை இரண்டு முறை கேட்டாள். கண்ணாடியோடு பார்வை சரியாயிருந்தால் தடையில்லை என்றேன். அன்றைக்கு லாரிக்கு விடுப்புச் சொல்லியாகிவிட்டது. மூவரும் சேர்ந்தே போகிறார்கள்.